மூன்று வரி

பாதி காய்ந்த சிமெண்டை உளி வைத்துத் தட்டும்போது எழுகிற சத்தம் முழுதும் காய்ந்த சிமெண்டில் எழுவதில்லை. காய்ந்தது கணீரென்று எதிர்க்கும். காயாதது சளி பிடித்தவரின் இருமலைப் போல ‘டொக்கு டொக்கு’ என்று உள்ளுக்குள்ளேயே அமுங்கும். எனக்கு ஒன்பது வயதான கோடை விடுமுறையில் ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் அந்தச் சத்தத்தை எங்கள் வீட்டுக் கொல்லையில் கேட்டேன். அப்பாவின் சைக்கிள் தெருமுனை திரும்பி, அவர் வேலைக்குப் போய்விட்டார் என்பது உறுதியானபின் கால் மணி நேரம் விட்டு அது தொடங்கும். கொஞ்ச நேரத்தில் உளி ஓய்ந்து கரண்டி உரசுகிற சத்தம் கேட்கும். மதியச் சோற்றுக்கு முன் எல்லாம் அடங்கி, திங்கட்கிழமை வார ஓய்வான அம்மா கொல்லையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருப்பாள்.

எங்கள் வீடு வண்டியூர்த் தெப்பக்குளத்திலிருந்து பத்து நிமிட நடையில், அப்போது பாதி தெருவாகவும் பாதி வயலாகவும் இருந்த ஒரு பகுதியில் இருந்தது. இரண்டு அறைகள், பின்னால் கொஞ்சம் வெற்றிடம், அதில் அம்மா சமைக்கிற ஒரு தகரக் கொட்டகை. அப்பா ஞானமுத்து ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். அம்மா கிரேஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதால் தெருவில் அவளுக்கு ‘சிஸ்டரம்மா’ என்றே பெயர். அந்தத் தகரக் கொட்டகையை எடுத்துவிட்டு, செங்கல்லில் ஓர் அடுப்படி கட்டுவது என்று அப்பா முடிவு செய்திருந்தார். ஆள் வைத்துக் கட்டுவதாக இல்லை; அவரே கட்டுவதாக.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அவர்களுடைய நிச்சயதார்த்தத்தில், இரு வீட்டாரும் ஜெபம் முடித்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, அம்மாவின் அண்ணன் ஜெயராஜ் மாமா எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “பேனா பிடிக்கிற கை, மாப்ள. எங்க தங்கச்சிய எம்புட்டு நாளைக்கு வாடகை வீட்டுல வச்சிருப்பீங்க?” என்று கேட்டிருக்கிறார். அப்பா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “என் கையால கட்டிக் குடுப்பேன் மச்சான்” என்று சொன்னாராம். வீடு என்றோ அறை என்றோ சொல்லவில்லை. எப்போது என்றும் சொல்லவில்லை. ‘என் கையால’ என்பது மட்டும் நின்றுவிட்டது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து அந்த இரண்டு அறை வீட்டை வாங்கியபோதும், அது யாரோ கட்டிய வீடு என்பதால் சொன்ன சொல் நிறைவேறியதாக அப்பா நினைக்கவில்லை. மாமா நினைக்கவிடவுமில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பலகாரத் தட்டோடு வந்து, “என்ன மாப்ள, கை என்ன சொல்லுது?” என்பார்.

அப்பாவின் கை அதுவரை சொன்னவற்றை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய சனிக்கிழமை மதியங்கள் முழுவதும் வீட்டு வேலைகளுக்கானவை. அவர் செய்த கோழிக்கூட்டிலிருந்து கோழிகள் தாமாகவே வெளியே வந்தன. அவர் மாட்டிய குளியலறைக் கதவை, சற்றே தூக்கிக்கொண்டு தள்ளினால்தான் திறக்கும். அந்தப் பழக்கத்தில் பள்ளிக்கூடக் கதவையும் நான் தூக்கித் தள்ளுவேன். அம்மா எதையும் குறை சொன்னதில்லை. “ஆண்டவரே தச்சுப் பட்டறைல நின்னவருதான். நான் கொத்துக்கரண்டி பிடிச்சா என்ன கொறஞ்சுபோச்சு?” என்று அப்பா கேட்கும்போது, “அவரு செஞ்ச கதவு இப்படியா இருந்திருக்கும்?” என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கதவைத் தூக்கித் தள்ளப் பழகிக்கொண்டாள்.

அடுப்படி வேலைக்கென்று கீழவாசல் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அப்பா ஒரு ரசமட்டம் வாங்கி வந்தார். ஒரு முழ நீளக் கட்டை. அதன் நடுவில் பதித்த சிறு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் பச்சைத் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு காற்றுக்குமிழி. சுவரின் மேல் கட்டையை வைத்தால், குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். நின்றால் சுவர் மட்டம். அப்பாவின் சுவரில் அது நிற்கவில்லை. கொத்தனார்கள் நூல் கட்டிக்கொண்டு செங்கல் அடுக்குவார்கள். அப்பாவோ, “நூல் கட்டுனா கண்ணு சோம்பேறியாயிரும்” என்று சொல்லிவிட்டார். முதல் சனிக்கிழமை மூன்று வரிசை எழும்பியது. கொத்தனார்கள் வரிசையை ‘வரி’ என்பார்கள். மூன்றாவது வரியின் மேல் கட்டையை வைத்தபோது குமிழி கிழக்குப் பக்கம் ஓடி ஒட்டிக்கொண்டது. அப்பா குனிந்து பார்த்தார், கட்டையைத் திருப்பி வைத்துப் பார்த்தார், பிறகு என்னிடம், “ஈரத்துல அப்படித்தான் காட்டும் பாப்பா. காயக் காய தானா இழுத்துக்கும்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை அந்த மூன்று வரியைச் சோதிக்க அவருக்குத் தோன்றவில்லை. வந்த வேகத்தில் மேலே நான்கு வரி கட்டினார். குமிழி மறுபடியும் கிழக்கே ஓடியது. ஆனால் அதற்கடுத்த சனிக்கிழமை, வேலையைத் தொடங்குமுன் கட்டையை வைத்தபோது, குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் அசையாமல் நின்றது. அப்பா சத்தம் போட்டு எங்களைக் கூப்பிட்டார். “பாத்தியா கிரேஸு? நான் சொன்னேன்ல? காஞ்சு இழுத்துக்கிருச்சு!” அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே வந்து குனிந்து பார்த்து, “ஆமாங்க” என்றாள். அவள் முகத்தை நான் பார்த்தேன். அதில் எதுவும் இல்லை.

இப்படியாக அப்பாவுக்கு ஒரு கொள்கை உருவானது. சனிக்கிழமை கட்டுகிற சுவர் கோணலாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை நாமும் ஓய்ந்திருக்கிறோம், சுவரும் ஓய்ந்திருக்கிறது. அந்த ஓய்வில் சிமெண்ட் தன்னைத் தானே மட்டத்துக்கு இழுத்துக்கொள்கிறது. இதை அவர் அலுவலகத்தில் சொன்னார். கோயிலில் சொன்னார். மாமாவிடமும் சொன்னார். மாமா வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமல் அப்படியே நிறுத்திவிட்டு, “அப்ப இந்தக் கொத்தனாருக எல்லாம் ஞாயித்துக்கிழமை வேலை பாத்துத்தான் கெட்டுப்போறாய்ங்களா மாப்ள?” என்று கேட்டார். அப்பா சிரிக்காமல், “இருக்கலாம் மச்சான்” என்றார்.

சுவரை இழுத்தது சிமெண்ட் அல்ல, மாயாண்டி கொத்தனார். திருவாதவூர்க்காரர். அவர் மனைவிக்குப் பிரசவம் சிக்கலானபோது அம்மாதான் ஆஸ்பத்திரியில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டாள். அந்த நன்றியை எப்படியாவது தீர்த்தே ஆக வேண்டும் என்று அவர் சுற்றிக்கொண்டிருந்தார். எங்கள் பகுதியில் வேறொரு வீட்டு வேலைக்கு வருகிறவர், திங்கட்கிழமை அரை நாளை எங்களுக்குக் கொடுத்தார். முதல் திங்கட்கிழமை அவர் வந்து நின்று சுவரைப் பார்த்தது நினைவிருக்கிறது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு தலையை ஒரு பக்கம் சாய்த்தார்.

“சிஸ்டரம்மா, வீடு இங்கன இருக்கு. செவுரு தெப்பக்குளத்துக்குக் கெளம்பிருச்சு.”

“சிரிக்காதீங்க அண்ணே. நேராக்க முடியுமா?”

“முழுசாப் பிரிச்சிரலாம். மூணு வரிதான?”

“அது இருக்கட்டும்” என்றாள் அம்மா. “கீழ மூணு வரியத் தொட வேணாம். அதுக்கு மேல அவரு கட்டக் கட்ட நீங்க நேராக்குங்க.”

“அடியில கோணலா இருந்தா மேல எப்படிம்மா?”

“கலவையக் கூட வச்சு சமாளிங்க அண்ணே. அந்த மூணும் அவரு கட்டுனதா இருக்கணும்.”

மாயாண்டி கொத்தனார் அதற்கு மேல் கேட்கவில்லை. எதற்கென்று தெரிந்துதான் வேலை பார்த்தார். அவருடைய கை கட்டினால் செங்கல் இடுக்குகள் கோடு போட்ட மாதிரி சுத்தமாக இருக்கும். எங்கள் சுவரில் வேண்டுமென்றே கலவையை அங்கங்கே வழியவிட்டார். ஒன்றிரண்டு இடங்களில் விரலால் அழுத்தித் தடமும் வைத்தார். “சாரு கை மாதிரியே வரணும்ல” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அப்பா கட்டிய உயரத்துக்கு ஒரு செங்கல்கூட அதிகம் வைக்கமாட்டார். தன் வேலையை மோசமாகச் செய்வதற்கு அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையை இன்றுவரை வேறெவரிடமும் நான் பார்த்ததில்லை.

அன்று அவர் போனபின் அம்மா என்னை உட்காரவைத்துத் தலை பின்னிக்கொண்டே சொன்னாள்: “அப்பாட்ட இதைச் சொல்லக் கூடாது.”

“பொய் சொல்லணுமாம்மா?”

பின்னல் ஒரு கணம் நின்றது. “பொய் சொல்ல வேணாம். கேட்டா சொல்லு. கேக்காதவரைக்கும் வாயத் தெறக்காத.”

இது தெளிவான விதி. ஒன்பது வயதில் எனக்கு இது முழுதாகப் புரிந்தது. பின்னால் நான் வேலை பார்த்த எந்தச் செய்தித்தாளும் இதைவிடத் தெளிவாக எனக்கு ஒரு விதியைச் சொன்னதில்லை. புரிந்தது என்பதை இங்கே பதிவு செய்துவிட வேண்டும். ஏனென்றால் இனி வருவதையெல்லாம் எங்கள் குடும்பத்தில் வேறு மாதிரிச் சொல்வார்கள்.

கோடை விடுமுறை முடிவதற்குள் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை வரும். விளைந்ததில் முதல் பங்கை ஆண்டவருக்கு முன் கொண்டுவந்து வைத்து நன்றி சொல்கிற நாள். வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வருகிற குடும்பங்கள் நெற்கதிர்க் கட்டையும் வாழைத்தாரையும் பூசணியையும் தலையில் வைத்துக்கொண்டு, ஆட்டையும் ஓட்டிக்கொண்டு வருவார்கள். கோயிலுக்குள் வைக்கோல் வாசனையும் ஆட்டு மூத்திர வாசனையும் நிறைந்திருக்கும். டவுன்காரர்களான எங்களுக்கு விளைச்சல் ஏது? ரவைப் பொட்டலமும் சீனியும் பிஸ்கட்டும் தட்டில் வைத்துக் கொண்டுபோவோம். அதோடு ஒரு சீட்டு. இந்த ஆண்டு எதற்காக நன்றி சொல்கிறோம் என்று அதில் எழுதிக் கவரில் போட்டுக் கொடுத்தால், போதகர் ஒவ்வொன்றாகப் பிரித்து எல்லோர் முன்னிலையிலும் வாசிப்பார். எங்கள் சபையில் போதகரை ‘ஐயர்’ என்போம். அன்றைய ஐயர், கல்யாணமானாலும் காய்ச்சல் தீர்ந்தாலும் ஒரே ராகத்தில் வாசிக்கிறவர்.

பிள்ளைகளும் சீட்டு எழுதலாம். முந்தின ஆண்டு நான், ‘மூன்றாம் வகுப்பில் தேறியதற்காக’ என்று எழுதியிருந்தேன். ஐயர் அதைப் போல ஏழு சீட்டுகளைச் சேர்த்து, “சிறுபிள்ளைகளின் படிப்புக்காக” என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். எனக்குப் பிறகு வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் சீட்டு வந்தது: ‘எங்கள் வெள்ளாடு மூன்று குட்டி போட்டதற்காக.’ கோயிலே கலகலவென்று சிரித்தது. ஐயர்கூட ராகம் மாறி, “மூன்றும் சுகமா?” என்று கேட்டார். அவள் எழுந்து நின்று, “ஒண்ணு நொண்டுது ஐயரே” என்றாள். மறுபடியும் சிரிப்பு. அதற்குப் பிறகு ஓராண்டாக அவள் எங்கே போனாலும் ‘ஆட்டுக்குட்டிப் பாப்பா’. எங்களிடம் ஆடு இல்லை, வயல் இல்லை. என்னிடம் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று இருந்தது. அது திங்கட்கிழமைதோறும் நடந்தது.

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை மதியம் தனியாகக் கூடிய ஞாயிறு பள்ளி வகுப்பில் சீட்டு எழுதினோம். டீச்சர் மைதாவைக் காய்ச்சிக் கொட்டாங்குச்சியில் பசை கொண்டுவந்திருந்தார். நான் முதலில், ‘எங்கள் அடுப்படிச் சுவருக்காக ஸ்தோத்திரம்’ என்று எழுதினேன். பிறகு அதை அடித்தேன். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு முறை எழுதிப் பார்த்தேன். யார், என்றைக்கு, என்ன செய்தார் என்று வரிசைப்படுத்தினேன். தேவையில்லாத சொற்களை எடுத்தேன். மூன்றாவது முறை சீட்டில் எழுதினேன். அது மூன்று வரி வந்தது. நோட்டுப் பக்கத்தைக் கிழித்து நான்காக மடித்து, போகிற வழியில் சாக்கடையில் போட்டேன்.

மறுநாள் கோயிலில் நாங்கள் பிள்ளைகள் முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தோம். அம்மா பெண்கள் பக்கம், அப்பா ஆண்கள் பக்கம் ஜன்னலோரம், இரண்டு வரிசை தள்ளி மாமா. டீச்சர் கவர்களைக் குடும்பவாரியாக அடுக்கித் தந்திருந்ததால், எங்கள் வீட்டுச் சீட்டுகளில் அப்பாவுடையது முதலில் வந்தது. ஐயர் வாசித்தார்: “நிச்சயதார்த்த நாளில் சொன்ன சொல்லின்படி, என் கையின் வேலையாக அடுப்படிச் சுவரை எழும்பச் செய்த கிருபைக்காக. ஞானமுத்து குடும்பத்தார்.” பலர் தலையசைத்தார்கள். மாமாவேகூடத் திரும்பி அப்பாவைப் பார்த்து, சரிதான் என்பது போலக் கண்ணை மூடித் திறந்தார். சுவர் அப்போது அம்மாவின் தோள் உயரம் வந்திருந்தது. மாமா வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

பிறகு ஐயர் என் கவரைப் பிரித்தார். அதே ராகத்தில் வாசித்தார்:

“எங்கள் அப்பா சனிக்கிழமை கட்டுகிற சுவரை,
திங்கட்கிழமை இடித்து நேராகக் கட்டித் தருகிற மாயாண்டி கொத்தனாருக்காகவும்,
அதை அப்பாவிடம் சொல்லாத எங்கள் அம்மாவுக்காகவும் ஸ்தோத்திரம்.”

கடைசிச் சொல்லை வாசித்து முடித்த பிறகுதான், வாசித்தது என்ன என்று ஐயருக்குப் புரிந்தது. அதற்குள் சிரிப்பு கிளம்பிவிட்டது. முந்தின ஆண்டு ஆட்டுக்குட்டிக்கு எழுந்ததைவிடப் பெரிய சிரிப்பு. மாமா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். 

இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. ஐயர் என் கவரைப் பிரித்த உடனேயே, வாசிக்கத் தொடங்குவதற்கு முன்பே, நான் அவரைப் பார்ப்பதை விட்டுவிட்டு அப்பாவின் பக்கம் திரும்பிவிட்டேன். என்ன நடக்கப்போகிறது என்று தெரியாத பிள்ளை அப்படித் திரும்பாது. அதனால்தான் அந்த முகத்தை முழுதாகப் பார்த்தேன். முதல் வரியில் அப்பா புன்னகையோடு இருந்தார். தன் மகள் தன் சுவரைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்ற புன்னகை. இரண்டாவது வரியில் அந்தப் புன்னகை போகவில்லை. போக வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. மூன்றாவது வரியில் அவர் என்னைப் பார்க்கவில்லை, ஐயரைப் பார்க்கவில்லை. பெண்கள் பக்கம் திரும்பி அம்மாவைத் தேடினார். அம்மா தலையைக் குனிந்திருந்தாள்.

ஆராதனைக்குப் பிறகு அசனம். சபையார் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற கறிச்சோற்றுப் பந்தி. ஆண்டுதோறும் குழம்பு வாளி பிடிப்பது அப்பாவின் பொறுப்பு. அன்றும் பிடித்தார். ஒவ்வோர் இலையாக நின்று, குனிந்து ஊற்றினார். மாமா தன் இலையில் ஊற்றும்போது, “கொஞ்சம் கோணலா ஊத்துறீங்களே மாப்ள. பரவால்ல, காஞ்சா இழுத்துக்கும்” என்றார். பந்தி முழுதும் சிரித்தது. அப்பாவும் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் போனார். குழம்பு ஒரு சொட்டு வெளியே சிந்தவில்லை. நான் கவனித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சட்டையைக்கூட மாற்றாமல் நேரே கொல்லைக்குப் போய்ச் சுவருக்கு முன்னால் நின்றார். அம்மா வாசற்படியில் நின்றாள்.

“எம்புட்டு என்னோடது?” என்று கேட்டார்.

“கீழ மூணு வரி” என்றாள் அம்மா. “அதத் தொடவிடலங்க நான்.”

அப்பா குனிந்து விரல் வைத்து எண்ணினார். மூன்று வரியை எண்ணுவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டார்.

“ஏன் சொல்லல?”

“சனிக்கிழமையானா நீங்க சந்தோசமா இருந்தீங்க. எனக்கு அடுப்படியவிட அது வேணும்னு இருந்துச்சு.”

“ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே கிரேஸு, காஞ்சா இழுத்துக்கும்னு.”

அம்மா என் பக்கம் திரும்பினாள். என்ன சொல்ல வாயெடுத்தாள் என்று எனக்குத் தெரியாது, அதற்குள் அப்பா, “அவள ஒண்ணும் சொல்லாத. உள்ளதத்தான எழுதியிருக்கா? வெள்ளந்தியா எழுதிட்டா புள்ள. இந்த வீட்டுல ஒருத்தியாச்சும் எங்கிட்ட உள்ளதச் சொன்னாளே” என்று சொல்லிவிட்டு, என் தலையில் கையை வைத்தார். கையில் குழம்பு வாசனை. அந்தக் கையை எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாக்கியத்தில் அம்மாவுக்கான இடம் எது என்று எனக்கும் புரிந்தது, அம்மாவுக்கும் புரிந்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அவர்கள் சண்டை போடவில்லை. சில வாரங்களுக்கு மிக மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள். அது சண்டையைவிடக் கேட்கக் கஷ்டமாக இருந்தது. அப்பாவே போய் மாயாண்டி கொத்தனாரைக் கூட்டிவந்து, மிச்சத்தை முடித்துத்தரச் சொன்னார். கொத்தனார் தலைகுனிந்து, “மன்னிச்சுக்கங்க சார்” என்றார். “நல்ல வேலைக்கு எதுக்கு மன்னிப்பு அண்ணே?” என்றார் அப்பா. இரண்டு வாரங்களில் அடுப்படி முடிந்தது. இடுக்குகள் கோடு போட்ட மாதிரி இருந்தன. பிறகு பூச்சு வேலை எல்லாவற்றையும் மூடிவிட்டது. அப்பா கரண்டியையும் ரசமட்டத்தையும் துணியில் சுற்றிப் பரணில் போட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு ஓர் ஆணி அடிக்கவும் ஆள் வந்தது. சனிக்கிழமை மதியங்களில் அப்பா தூங்கப் பழகினார்.

அவருடைய சீட்டும் மாறியது. முன்பெல்லாம் ‘குளியலறைக் கதவு சரியாக அமைந்ததற்காக’, ‘கோழி அடைகாத்ததற்காக’ என்று எழுதுகிறவர், அடுத்த ஆண்டிலிருந்து, ‘சகல நன்மைகளுக்காகவும்’ என்று மட்டும் எழுதினார். சாகும்வரை அதே இரண்டு சொல். தவறே இல்லாத, யாரும் சிரிக்க முடியாத சொற்கள்.

என் கதை வேறு மாதிரி வளர்ந்தது. கல்யாண வீடுகளில், கிறிஸ்துமஸ் கூட்டங்களில், மாமா அந்தச் சீட்டை நடித்துக் காட்டுவார். ‘எம்புட்டு வெள்ளந்தி பாத்தீகளா’ என்று அத்தைமார் என் கன்னத்தைக் கிள்ளுவார்கள். நான் கூச்சப்படுகிற மாதிரி நின்று கிள்ள விடுவேன். செய்தித்தாளில் எனக்கு வேலை கிடைத்தபோது, அப்பா தெருவில் எல்லோரிடமும், “எம்மக பொய் எழுத மாட்டா. சின்னதிலயே தெரியும்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். அந்தச் சீட்டில் ஒரு பொய்கூட இல்லை. கிழமை சரி, பெயர் சரி, செயல் சரி. முப்பது ஆண்டுகள் பிறர் எழுதியதைத் திருத்தும் மேசையில் உட்கார்ந்திருந்தபோது, பெயரும் நாளும் சரியாக இருந்தும் எதற்காக எழுதப்பட்டது என்பதில் கோணலான செய்திகளைக் கண்டால் எனக்கு உடனே தெரிந்துவிடும். அவற்றின் மேல் நான் எந்தக் குறியும் போட்டதில்லை. அதற்கான குறி எங்களிடம் இல்லை.

அப்பா போய்ச் சில ஆண்டுகளாகின்றன. அம்மா என்னோடு ஒரு மாடிக் குடியிருப்பில் இருக்கிறாள். இந்த ஆண்டு அந்த வீட்டை விற்றோம். வாங்கியவர் முழுதும் இடித்துக் கட்டுகிறார். இடிக்கிற அன்று போய்ப் பார்க்கலாம் என்று, பரணிலிருந்து எடுத்து வைத்திருந்த ரசமட்டத்தையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். நான் போவதற்குள் எந்திரம் முக்கால்வாசியை முடித்திருந்தது. கொத்தனாருடைய வரிகள் உடைந்து குவியலாகக் கிடந்தன. அடியில் மட்டும், பூச்சு உதிர்ந்து, மூன்று வரி நின்றது. ஓட்டுநர் தேநீர் குடிக்கப் போன நேரத்தில், மேலே பெயர்ந்து கிடந்த கலவையைக் கையால் தட்டிவிட்டுக் கட்டையை அதன் மேல் வைத்தேன். குமிழி மெதுவாக நகர்ந்து, கிழக்கே போய் ஒட்டிக்கொண்டது. காய்ந்து இத்தனை ஆண்டுகளாகியும் இழுத்துக்கொள்ளவில்லை.

அறுப்பின் பண்டிகைக்கும் போனேன். கதிர்க்கட்டும் பூசணியும் இப்போது மேடை அலங்காரத்துக்கு வாங்கி வைக்கப்படுகின்றன. சீட்டு இல்லை. திரையில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் வரிசையாக ஓடுகின்றன. எதற்காக நன்றி சொல்கிறார்கள் என்பது ஓடுவதில்லை. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான், அந்தச் சீட்டை ஏன் எழுதினேன் என்று யாரிடமாவது சொல்வதானால் இனி அம்மா ஒருத்திதான் மிச்சம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்ததும் சொன்னேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அந்தச் சீட்டு. நான் வெள்ளந்தியா எழுதல. எல்லாரும் சிரிக்கணும், என்னப் பாக்கணும்னுதான் எழுதுனேன். அப்பாவுக்கு என்னாகும்னு தெரிஞ்சுதான் எழுதுனேன்.”

அம்மா துண்டின் ஓரங்களைச் சேர்த்து நீவினாள். எண்பத்து நான்கு வயதிலும் அவள் மடிக்கிற துணி ஆஸ்பத்திரித் துணி போல இருக்கும்.

“அம்புட்டுத்தான? இதையா இத்தன நாளா வச்சுக்கிட்டிருந்த?” என்றாள். “உங் கவர நான் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான்டி திரும்ப ஒட்டி அனுப்புனேன். எனக்கு அவருட்டச் சொல்ல வாய் வரல. போகட்டும், புள்ள வாயால தெரியட்டும்னு நாந்தான் விட்டேன். தப்புன்னா அது என் தப்பு. போ, போய்ச் சாப்புடு.”

நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தில் எதுவும் இல்லை. 

அந்தச் சனிக்கிழமை அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி. என் கவர் வீட்டுக்கு வரவே இல்லை. கொட்டாங்குச்சிப் பசையை விரலால் தொட்டு நானே ஒட்டி, வகுப்பிலேயே டீச்சர் கையில் கொடுத்தேன்; டீச்சர் அதை நேரே ஐயரிடம் கொண்டுபோனார். என் கையால் கொடுத்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா அன்று எதையும் பிரித்திருக்க முடியாது. இப்போதுதான் பிரிக்கிறாள், என் பக்கம் ஓடிப்போன குமிழியை நடுவில் நிறுத்துவதற்காக, நான் கட்டியதைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டு, தன் கலவையைக் கொஞ்சம் கூடவே வைத்து, நேராகக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்காதவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி.

“சரிம்மா” என்றேன். போய்ச் சாப்பிட்டேன்.

அம்மாவின் கண்ணுக்கு இப்போது அச்செழுத்து தெரிவதில்லை. கண் தெரிந்திருந்தால் இதை எழுதி அச்சுக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லத்தான் ஆசை. உறுதியாகச் சொல்ல முடியவில்லை.